மார்லிஸ் வீட்டு வரிப் பாக்கி

ஹோல்ஸ்டாஃப் ஊரில் ரோண்டா ஹார்ம்ஸின் கை படாத பெண் தலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைத்தெருவில் விதைக்கடைக்கும், மூடிக்கிடந்த பழைய வங்கிக் கட்டடத்துக்கும் நடுவே அவளுடைய பார்லர். இரண்டு நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, சுவரோரம் கூண்டு மாதிரி இரண்டு டிரையர், எந்நேரமும் சூடாக இருக்கும் காபிப் பானை. அந்த அறையில் நின்றபடியே முப்பது வருஷத்தை ஓட்டியவள். புருஷன் விட்டுவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மகள் டென்வரில் இருந்தாள், கிறிஸ்துமஸுக்கு வருவாள். அந்த வருஷம் ரோண்டாவுக்கு இடுப்பில் வலி கண்டது. கட்டடச் சொந்தக்காரர் வாடகையையும் ஏற்றினார். நிற்க முடியாமல் போகிற அன்றைக்கு என்ன செய்வது என்ற கேள்வி, தலை வாரும்போதெல்லாம் சீப்பில் முடி சிக்குவதுபோல அவளிடம் சிக்கிக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி கர்ட் ஒரு யோசனையோடு வந்தான். கர்ட் விதைச்சோளம் விற்கிறவன், வாயால் பிழைக்கிறவன். மாநிலத் தலைநகர் டெமோயினில் ஒரு ஹோட்டலில் நடந்த இலவச வகுப்புக்குப் போய்விட்டு, அடுத்த ஞாயிறு அக்காள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு மசியலில் குழி பறித்துக் குழம்பை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தான்.

"ரோ, நீ நின்னுக்கிட்டே சம்பாதிக்கிற. தூங்கிக்கிட்டே சம்பாதிக்கிறவன் இருக்கான், தெரியுமா?"

"தெரியுமே. சோளக்காட்டு ஓரத்துல வண்டிய நிறுத்திட்டு நீ தூங்குறத ஊரே பாத்திருக்கு."

"கிண்டல் பண்ணாத, கேளு. வீட்டு வரி கட்டாம விட்டவங்க இருப்பாங்கல்ல? வருஷத்துல ஒரு நாள் அந்தப் பாக்கிய கவுண்டி ஏலத்துல விடும். நாம போயி அந்தப் பாக்கியக் கட்டிடணும். கவுண்டிக்குத் தலவலி தீந்துச்சு. அப்புறம் வீட்டுக்காரன் கட்ட வரும்போது, மாசத்துக்கு ரெண்டு பர்சென்ட் வட்டி போட்டுக் கட்டணும். அவ்வளவும் நமக்கு. எந்த பேங்க்ல தர்றான் இப்படி?"

"கட்ட வரலன்னா?"

"அப்ப இன்னும் விசேஷம். ஒண்ணே முக்கால் வருஷம் பொறுத்து ஒரு நோட்டீஸ் அனுப்பணும். அதுக்கப்புறம் மூணு மாசம் கெடு. அதுலயும் கட்டலன்னா வீடே நம்ம பேருக்கு வந்துடும்."

"வரிப் பாக்கிக்கு ஒரு வீடா? பாவம் இல்லயா அது?"

"கவர்மெண்டே நடத்துது, ரோ. பாவமா இருந்தா பாஸ்டர் சொல்லியிருக்க மாட்டாரா?"

ரோண்டா சிரித்தாள். ஆனால் அவன் போன பிறகும் அந்தப் பேச்சு மேஜையிலேயே உட்கார்ந்திருந்தது. சேமிப்புக் கணக்கில் அவள் போட்டு வைத்திருந்த பணம் வருஷம் முழுக்கக் கிடந்தும் ஒரு வேளை பீட்சா வாங்கும் அளவுக்குக்கூடக் குட்டி போடவில்லை. ஒரு திங்கட்கிழமை, பார்லருக்கு விடுமுறை நாளில், மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாக விளக்கிச் சொன்னாள். பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஏலம் ஜூன் மாதம். பாக்கிதாரர் பட்டியல் அதற்கு முன்பே செய்தித்தாளில் வரும். எல்லாம் வெட்டவெளிச்சமாக, ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தது. அதுவே ரோண்டாவுக்குத் தெம்பு கொடுத்தது.

பட்டியல் வெளிவந்த வாரம் பார்லரில் வேறு பேச்சே இல்லை. டிரையருக்கு அடியில் உட்கார்ந்தவர்கள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பெயர் பெயராகப் படித்தார்கள். "பாத்தியா, புதுப் படகு வாங்கத் தெரிஞ்சிருக்கு, வரி கட்டத் தெரியல," என்று ஒருத்தி சொன்னால் மற்றவள் உச்சுக் கொட்டுவாள். அவர்கள் போன பிறகு ரோண்டா பேனாவும் கையுமாக அதை எடுத்துப் படித்தாள். நடுப்பகுதியில் ஒரு பெயரில் பேனா நின்றது. டெல்மர் எகர்ஸ்.

டெல்மர், மார்லிஸின் புருஷன். மார்லிஸ் எகர்ஸ் வெள்ளிக்கிழமைதோறும் பத்து மணிக்கு வருகிறவள். எண்பதை நெருங்கிய, ஓங்கி வளர்ந்த பெண்மணி; பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரோண்டாவின் புருஷன் ஒரு பல்மருத்துவமனைக்காரியோடு ஊரை விட்டுப் போனபோது, சூடான பாத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் வாசலுக்கு வந்தவள் அவள். ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. "நூடுல்ஸ் கொஞ்சம் குழைஞ்சு போச்சு, மன்னிச்சுக்க," என்பாள், போய்விடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை மார்லிஸ் வருவதற்கு முன், ரோண்டா செய்தித்தாளை எடுத்துத் துண்டுகளுக்கு அடியில் செருகி வைத்தாள். பாவம், நாலு பேர் முன்னால் அவள் கண்ணில் பட வேண்டாம் என்றுதான். மெய்யாகவே அந்த நேரம் அவள் மனதில் வேறு எதுவும் இல்லை.

ஏலத்துக்கு முன் கர்ட் தன் வண்டியில் அக்காளை ஏற்றிக்கொண்டு பட்டியலில் இருந்த இடங்களைக் காட்டச் சுற்றினான். "பாக்காம வாங்கினா பள்ளத்தையும் பொதரையும் நம்ம தலயில கட்டிடுவாங்க," என்றான். எரிந்துபோன ஒரு நடமாடும் வீடு, ரயில் பாதையோரம் வால் மாதிரி நீண்ட நிலம், முதிர்ந்த மேப்பிள் மரத்தடியில் ஒரு நல்ல வீடு. இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே, இது வேண்டும் இது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். பல வருஷத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோண்டாவுக்கு உற்சாகமாகக் கழிந்தது. எகர்ஸ் வீட்டு மூலைக்கு வந்தபோது கர்ட் வேகத்தைக் குறைத்தான். அவள்தான், "இது வேணாம், போ," என்றாள்.

ஏலம் நீதிமன்றக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. மடக்கு நாற்காலிகள், ஒரு தட்டில் டோநட், கம்ப்யூட்டரோடு வந்திருந்த வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் நாலைந்து பேர், உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். குலுக்கலில் எவருடைய எண் வருகிறதோ அவர் அந்தப் பாக்கியை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். முதலில் ஒரு விவசாயியின் கொட்டகை நிலம் அவளுக்கு விழுந்தது. அப்புறம் மேப்பிள் மர வீடு. இரண்டுக்கும் "எடுத்துக்கறேன்" என்றாள். பின்னால் இருந்த கர்ட் அவள் தோளைத் தட்டினான்.

உணவு இடைவேளைக்குச் சற்று முன், மறுபடி அவள் எண்ணைச் சொன்னார்கள். "எகர்ஸ், டெல்மர்," என்று வாசித்தாள் அலுவலகப் பெண்.

விட்டுவிடலாம். தலையை ஆட்டினால் போதும். பக்கத்து நாற்காலியில் இருந்த கம்பெனிக்காரன் திரையைப் பார்த்துவிட்டு, இந்த அம்மா விட்டால் தேவலை என்பதுபோல நிமிர்ந்தான். அந்தப் பார்வைதான் அவளைச் சாய்த்தது என்று பின்னாளில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். நல்ல சரக்கு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"எடுத்துக்கறேன்," என்றாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு நியாயத்தைக் கட்டி முடித்தாள். கண்காணாத கம்பெனிக்காரன் கையில் சிக்குவதைவிட, தெரிந்தவள் கையில் இருப்பது மார்லிஸுக்குத்தான் நல்லது. வெள்ளிக்கிழமை வரட்டும், காதோடு காதாகச் சொல்லிவிட்டால் ஆயிற்று. உடனே கட்டினால் ஒரு மாத வட்டிதான் வரும், அதுகூட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. மார்லிஸும் வந்தாள். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டைப் போட்டுச் சுட்ட கேக்கில் இரண்டு துண்டைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். தலையில் ரோலர் சுற்றும்போது அவளாகவே பேச்சைத் தொடங்கினாள். டெல்மருக்கு நினைவு தப்பிப் போய், பராமரிப்பு இல்லத்தில் சேர்த்து ஒரு வருஷம் ஆகிறது.

"நேத்து என்னப் பாத்து, 'அம்மா, என் பிக்கப் வண்டி பத்திரமா இருக்கா'ன்னு கேட்டாரு. நான் அவங்க அம்மாவாம்," என்று சிரித்தாள் மார்லிஸ். "வண்டி கராஜ்ல இருக்குன்னேன். சந்தோஷப்பட்டாரு."

"கஷ்டமா இருக்கும் உங்களுக்கு. வீட்டக் கவனிக்கணும், பில்லு கட்டணும்..." ரோண்டா மெதுவாகத் தூண்டிலைப் போட்டாள்.

"பில்லா? கரண்டு, தண்ணி, அவ்வளவுதான். வீட்டு வரியெல்லாம் பேங்க்லயே பாத்துக்குவாங்க. டெல்மர் அப்பவே எல்லாம் ஏற்பாடு பண்ணி வச்சுட்டாரு. அவரு பேருக்கு இன்னும் கவரு வந்துக்கிட்டேதான் இருக்கு. நான் பிரிக்கறதில்ல. கல்யாணமான நாள்லேருந்து அவரு கவரு அவருக்கு, என் கவரு எனக்கு."

ரோண்டாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வீட்டுக்கடன் இருந்தவரை வங்கி வரியைக் கட்டியிருக்கும். கடன் தீர்ந்ததும் நிறுத்தியிருக்கும். அதற்குப் பிறகு டெல்மர் பெயருக்கு வந்த வரிச்சீட்டெல்லாம் பிரிக்காமல் எங்கேயோ கிடக்கிறது. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, "உனக்கெப்படித் தெரியும்?" என்று வரும். ஏலத்துக்குப் போனேன், உங்கள் பெயரைக் கேட்டேன், எடுத்துக்கறேன் என்றேன் என்று எப்படிச் சொல்வது? கேக் துண்டு வேறு கண்முன்னால் இருந்தது. அடுத்த வாரம் சொல்லலாம் என்று வாயில் ஹேர்பின்னைக் கவ்விக்கொண்டாள்.

அடுத்த வாரம் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் வேண்டியிருந்தது.

விவசாயி இலையுதிர் காலத்திலேயே கட்டி மீட்டுக்கொண்டார். மேப்பிள் மர வீட்டுக்காரரும் பனிக்காலத்துக்குள் கட்டினார். வட்டியோடு காசோலை தபாலில் வந்தபோது ரோண்டா அதை மேஜைமேல் வைத்து ஆசையோடு பார்த்தாள். தலை எதுவும் கழுவாமல் அவள் வாழ்க்கையில் வந்த முதல் பணம் அது. எகர்ஸ் வீட்டுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அடுத்த வருஷ வரியும் கட்டப்படாமல் நின்றது. கர்ட் சொன்னபடி அதையும் ரோண்டாவே கட்டிப் பழைய பாக்கியின் மேல் ஏற்றிக்கொண்டாள்.

"மூலை மனை," என்றான் கர்ட். "முன்னறை பார்லருக்கு, பின்னால நீ இருந்துக்கலாம். வாடகையே கிடையாது. சாகற வரைக்கும் கவலையில்ல."

"அவ மார்லிஸுடா."

"அவளுக்கும் வயசாச்சு. எப்படியும் ஒரு நாள் டெல்மர் இருக்கிற எடத்துக்கே போகப் போறா. நாம யாரையும் தள்ளல. காத்திருக்கோம், அவ்வளவுதான்."

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இங்கே வீடு எரியக்கூட இல்லை. எரியட்டும் என்று இவள் காத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வருஷப் பனிக்காலத்தில் ஒரு நாள் மார்லிஸ் வீட்டில் காபி சாப்பிடக் கூப்பிட்டாள். ரோண்டா போனாள். மார்லிஸ் பிஸ்கட் எடுக்க உள்ளே போன நேரத்தில், முன்னறைச் சுவரருகே நின்று விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். தொட்டிக்குக் குழாய் இந்தப் பக்கம் இழுக்கலாமா, இது வெறும் பலகைதானா என்று. மறுபடி தட்டினாள்.

"எலி சத்தம் கேட்டுச்சா?" பிஸ்கட் தட்டோடு வாசலில் நின்றாள் மார்லிஸ். "டெல்மரும் இப்படித்தான் தட்டித் தட்டிப் பாப்பாரு."

"ஆமா... எலி மாதிரி இருந்துச்சு," என்றாள் ரோண்டா.

மார்லிஸ் அன்றைக்கே எலிப்பொறி வாங்கி வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை, "ஒண்ணும் மாட்டல, ஆனா நீ சொன்னியே, நல்லதாப் போச்சு," என்றாள். ரோண்டா அவள் தலையை நிமிராமல் வாரினாள். கண்ணாடியில் தன் முகம் தெரியும் என்பதால் நிமிரவில்லை.

மார்ச் மாதம் அந்த ஒன்றே முக்கால் வருஷம் நிறைந்தது. கர்ட் நோட்டீஸை அச்சடித்துக் கொண்டுவந்தான். டெல்மர் பெயருக்கு ஒன்று, வீட்டில் குடியிருக்கிற மார்லிஸ் பெயருக்கு ஒன்று. சட்டப்படி இருவருக்கும் போக வேண்டும், பதிவுத் தபாலில். ரோண்டா பேனாவை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

"இதப் பாத்தாலே கட்டிடுவா," என்றான் கர்ட். "நீ வாயால சொல்ல முடியாதத இது சொல்லிடும். உனக்கும் நிம்மதி."

அது சரியாகத்தான் பட்டது. சொல்லத் துணிவில்லாததைத் தபால்காரர் தலையில் ஏற்றிவிடலாம். கையெழுத்துப் போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பத்து மணி வரை அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வர மாட்டாள் என்று நினைத்தாள். மார்லிஸ் வந்தாள். காலணியில் ஒட்டிய அழுக்குப் பனியை வாசல் மிதியடியில் தேய்த்துவிட்டு, கோட்டை மாட்டிவிட்டு, எப்போதும்போலத் தொட்டியில் கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ரோண்டா தண்ணீரைக் கையில் பிடித்துச் சூடு பார்த்தாள். ஷாம்பு போட்டாள். நுரை வந்தது.

"ரோண்டா, ஒண்ணு சொல்லணும். நீ பயப்படக் கூடாது," என்றாள் மார்லிஸ், கண்ணைத் திறக்காமலே. பார்லரில் வேறு யாரும் இல்லை. என்றாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யாரோ உன் பேர வச்சு ஏமாத்துறாங்க, கண்ணு."

ரோண்டாவின் விரல்கள் நின்றன.

"எனக்கு ஒரு நோட்டீஸ் வந்துச்சு. என் வீட்ட நீ எடுத்துக்கப் போறேன்னு போட்டிருக்கு. கீழ உன் பேரு, கடை விலாசம், எல்லாம் சரியா இருக்கு. எங்கேருந்துதான் பிடிக்கிறாங்களோ பாவிங்க. போன மாசம் டிவியில காட்டினாங்க, வயசானவங்களா பாத்து இப்படித்தான் பண்றாங்களாம். எனக்கு ஒண்ணுமில்ல, நான் ஏமாற மாட்டேன். உன் பேருல்ல கெட்டுப் போகும்? ஷெரீஃப் ஆபீஸ்ல போயி எழுதிக் குடுத்துடு. தனியாப் போகக் கூச்சமா இருந்தா நான் கூட வர்றேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ரோண்டாவுக்கு முன்னால் ஒரு கதவு திறந்தது. "ஆமா மார்லிஸ், ஏமாத்து வேலதான், கிழிச்சுப் போடுங்க" என்று சொன்னால் போதும். மார்லிஸ் வீட்டுக்குப் போய்க் கிழித்துப் போட்டுவிடுவாள். மூன்று மாதம் போனால் மூலை மனை, முன்னறை, குழாய், எல்லாம். ரோண்டா அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த நினைப்பு வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடவில்லை. உள்ளே வந்து, உட்கார்ந்து, சற்று நேரம் இருந்துவிட்டுத்தான் எழுந்து போனது. அது உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, அவள் கை மார்லிஸின் தலைமேல் இருந்தது.

"அது நான்தான், மார்லிஸ்."

"எது?"

"நோட்டீஸு. நான்தான் அனுப்பினேன். உங்க வரிப் பாக்கிய ஏலத்துல நான்தான் எடுத்தேன்."

மார்லிஸ் கண்ணைத் திறந்தாள். நுரை கண்ணில் இறங்கிவிட்டது. ரோண்டா பதறித் துண்டை எடுத்து ஒற்றப் போனாள். மார்லிஸ் அவள் கையிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டாள்.

"நானே தொடச்சுக்கறேன்." கண்ணை ஒற்றிக்கொண்டே, "பேங்க்குதானே கட்டுது?" என்றாள்.

"கடன் தீந்ததும் பேங்க் நிறுத்திடும். அப்புறம் டெல்மர் பேருக்குத்தான் பில்லு வந்திருக்கும்."

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"நீங்க பேங்க் கட்டுதுன்னு சொன்னீங்கல்ல, அன்னிலேருந்து."

மார்லிஸ் எந்த வெள்ளிக்கிழமை என்று நினைவில் தேடுவதுபோலக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். எழுந்து போய்விடுவாள் என்று ரோண்டா எதிர்பார்த்தாள். எழுந்து போக வழியில்லை. தலை நிறைய நுரை.

"அலசி விட்டுடு," என்றாள் மார்லிஸ். "இப்படியே தெருவுல போக முடியாது."

ரோண்டா அலசினாள். ரோலர் சுற்றினாள். டிரையரில் உட்கார வைத்தாள். இடையில் லவான் என்ற இன்னொரு வாடிக்கைக்காரி வந்து, இந்தக் குளிர் எப்போது விடுமோ என்று புலம்பினாள். "ஈஸ்டருக்குள்ள விட்டுடும்," என்று மார்லிஸ் பதில் சொன்னாள். முடித்ததும் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, எப்போதும் தருகிற பணத்தையும் அதற்குமேல் எப்போதும் வைக்கிற ஒரு டாலரையும் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அந்த ஒரு டாலரை ரோண்டாவால் அன்று மாலை வரை தொட முடியவில்லை. லவான்தான், "இத எடுத்து வைக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு வாரத்தில் டெல்மரின் பிக்கப் வண்டி கடைத்தெரு வழியாகப் போவதை ரோண்டா கண்டாள். ஓட்டியவன் பக்கத்து ஊர் வாலிபன். சில நாள் கழித்துக் கவுண்டியிலிருந்து அவளுக்குக் காசோலை வந்தது: வரி, அடுத்த வருஷ வரி, இரண்டுக்கும் வட்டி, தபால் செலவு உள்பட. வட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் இப்படி ஒரு கேள்வியை இதுவரை கேட்டதில்லை என்பதுபோலப் பார்த்தாள். "அது உங்க பணம். நீங்க என்ன வேணா பண்ணிக்கலாம்."

பணத்தை எடுத்துக்கொண்டு மார்லிஸ் வீட்டுக்குப் போனாள். மார்லிஸ் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று சொல்லாத மார்லிஸை ரோண்டா அதுவரை கண்டதில்லை.

"வட்டிய மட்டும்... வாங்கிக்கங்க மார்லிஸ். உங்களுக்குத்தான்."

"நான் கட்ட வேண்டிய வரி. லேட்டாக் கட்டினேன். அதுக்கு என்ன உண்டோ அதக் கட்டினேன். உன்கிட்ட வாங்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"வண்டிய வித்துட்டீங்களே."

"டெல்மர் கேட்டா கராஜ்ல இருக்குன்னு சொல்லிக்குவேன்," என்றாள் மார்லிஸ். பிறகு வானத்தைப் பார்த்து, "மழை வரப்போகுது, பாத்துப் போ," என்று கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான்.

"மொதலோட வட்டியும் வந்தாச்சு, நல்லதுதானே? மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?" என்றான் கர்ட். அவனுக்கு மெய்யாகவே புரியவில்லை. "நான் சொன்னபடிதானே எல்லாம் நடந்துச்சு."

"நீ சொன்னபடிதான் நடந்துச்சு. அதுக்கு உன்ன ஒண்ணும் சொல்லல," என்றாள் ரோண்டா. அடுத்த ஏலத்துக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை. வட்டிப் பணத்தைப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள், கொடுத்தும் விட்டாள். அவர்கள் வாசலில் பெயர்ப் பலகை போடுகிறோம் என்று சொன்னார்கள். வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வந்தாள்.

ஊர் தன்னைத் தூற்றும் என்று அவள் காத்திருந்தாள். பார்லர் காலியாகும், கடைத்தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், தேவாலயத்தில் தன் பெஞ்சில் உட்கார மாட்டார்கள் என்றெல்லாம். ஒன்றும் நடக்கவில்லை. லவான் வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள், வழக்கம்போல ஊர்வம்பு பேசினார்கள். மார்லிஸ் எவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை என்று ரோண்டாவுக்கு மெல்ல விளங்கியது. "மார்லிஸ் ஏன் வர்றதில்ல?" என்று கேட்டவர்களுக்கு, "அவங்க அண்ணன் பொண்ணு பக்கத்து ஊர்ல பார்லர் வேல கத்துக்கிட்டிருக்காளாம், அவகிட்டப் போறாங்க," என்று ரோண்டாவே ஒரு பொய்யைக் கட்டிச் சொன்னாள். நாலு பேர் ஏசியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு ஆறியிருப்பாள். அந்த வழியும் அடைபட்டது.

டெல்மர் அடுத்த கோடையில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றிக்கறி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், பெண்கள் ஆளுக்கொரு தட்டில் சுட்டுவந்த இனிப்பு. ரோண்டா வரிசையில் நின்று மார்லிஸின் கையைப் பிடித்தபோது, "வந்ததுக்கு ரொம்ப நன்றி," என்றாள் மார்லிஸ். முன்னால் நின்றவருக்கும் அதையேதான் சொன்னாள், பின்னால் நின்றவருக்கும் அதையேதான். அவள் தலைமுடி ஒரு பக்கம் தூக்கலாக, ஒரு பக்கம் படிந்து இருந்தது. வீட்டில் தானே சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

ரோண்டா போய்ச் சமையலறையில் பாத்திரம் கழுவ நின்றுகொண்டாள். வெளியே முகம் காட்டாமல் இருக்க அதுதான் வசதி. கூட்டம் குறைந்த நேரத்தில் மார்லிஸ் தானே நாலைந்து காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அங்கே இருப்பது ரோண்டா என்று தெரிந்து கால் ஒரு கணம் தயங்கியது. பிறகு வந்து கோப்பைகளைத் தொட்டியோரம் வைத்தாள்.

"மார்லிஸ்," என்றாள் ரோண்டா, கைகளை நீரிலிருந்து எடுக்காமல். "நான் உங்ககிட்ட சரியா மன்னிப்புக்கூடக் கேக்கல."

மார்லிஸ் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டாள். எவரும் வரவில்லை.

"பணத்துக்காக நான் வருத்தப்படல, ரோண்டா. அது வரி, கட்டியிருக்கணும். நீ இல்லன்னா வேற ஒருத்தன் எடுத்திருப்பான். எனக்குத் தாங்காதது வேற." அவள் ஒரு கோப்பையின் பிடியைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "அந்த ரெண்டு வருஷமும் உன் நாற்காலியில உக்காந்து என்னென்ன பேசினேன்னு யோசிச்சுப் பாக்குறேன். டெல்மர் என்ன அம்மான்னு கூப்பிட்டத எல்லாம் உன்கிட்டதான் சொன்னேன். வேற யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ தெரிஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு நின்னியேன்னு நெனச்சா, எனக்கே என்மேல வெக்கமா இருக்கு."

மார்லிஸ் பதிலுக்கு நிற்கவில்லை. யாரோ வெளியே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முகத்தைச் சரிசெய்துகொண்டு போனாள். லவான் எட்டிப் பார்த்து, "கோப்பை பத்தல, ரோண்டா, சீக்கிரம்," என்றாள். ரோண்டா மார்லிஸ் கொண்டுவந்த கோப்பைகளைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள்.

மார்லிஸ் இன்னும் அந்த மூலை வீட்டில்தான் இருக்கிறாள். வரியை வருஷத்துக்கு இரண்டு தவணையாக, தானே கவுண்டி அலுவலகத்துக்குப் போய் நேரில் கட்டுகிறாள். ரோண்டாவும் பார்லரில் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இப்போது பள்ளிக்கூட நர்ஸ் வருகிறாள். தொட்டியில் சாய்ந்துகொண்டு யாராவது, "எங்க வீட்டுல நடந்தத உன்கிட்டதான் சொல்லலாம்," என்று ஆரம்பித்தால், ரோண்டா தண்ணீரை இன்னும் கொஞ்சம் வேகமாகத் திறந்து விடுகிறாள். முன்னெல்லாம் நல்லாப் பேசுவா, இப்ப வயசாயிடுச்சு, காது சரியாக் கேக்கறதில்ல போல, என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள்.